எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அமைப்புக்கு நன்கொடை தரலாமா?

"எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத தலித், பழங்குடி தொண்டு அமைப்புகளுக்குப் பணம் கொடுத்தால், கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

2010-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் வெளிநாட்டு நன்கொடைக்குத்தான். நாம் இங்கிருந்து தரும் பணத்துக்கு அந்தப் பதிவு தேவையில்லை. துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதும் வெளிநாட்டு நன்கொடை ஆகாது.

வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020 திருத்தம் தடுத்துவிட்டது. பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சிறிய கிராம அமைப்புகளுக்கு அது பலத்த அடி. அப்புறம் மிஞ்சிய உள்ளூர் உதவியையும் இந்த வதந்தி அடைப்பதுதான் வேதனை.

சந்தேகம் இருந்தால் உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் கேள்வி-பதில் பகுதியைப் பாருங்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.