உவர் வயல் வீண் நிலமல்ல
‘உவர் ஏறின வயல்தானே, துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் கொடுத்தால் நட்டமில்லை’ என்ற கட்டுரையின் கணக்கு கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிக்குச் சரிவராது. அங்கே பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழைதான் உவரைக் கழுவும். முதல் மழையை வரம்பு கட்டி மறித்து, உழுது கலக்கி, அந்தத் தண்ணீரைக் கடல் பக்கம் வெட்டிவிட வேண்டும். ஒருதரம் காணாது. அவசரப்பட்டுப் புழுதியில் விதைத்தால் மழை பிந்தும்போது முளை கருகிவிடும். கழுவின பிறகு உவர் தாங்கும் ஏ.டி. 354 போடலாம், மூன்றரை மாத நெல். மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘வயலைக் கிரவல் (சரளை மண்) கொட்டி உயர்த்தினால் போதும்’ என்கிறார். கேடே அங்குதான்: மதகு போதாமல் வடிச்சல் அடைபட்டால், கழுவின உப்பு பக்கத்து வயலில் தேங்கும். தொழிற்சாலை வேண்டாமென்றில்லை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பில்தான் ஓடியது, வயலை நிரவி அல்ல.