குறுவைக்கு அடகு போகும் நகை யாருடையது?

மேட்டூர் அணை திறந்து காவிரி ஆற்றில் தண்ணீர் வந்ததும் டெல்டாவில் பல வீடுகளில் முதலில் வெளியே போவது மருமகளின் நகை. குறுவை நெல்லுக்கு உழவு, நாற்று, உரம் எல்லாவற்றுக்கும் கூட்டுறவு சொசைட்டியில் நகைக்கடன். நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பதால் கடனும் அவர்கள் பெயரில் விழுகிறது. குடும்பம் ஒழுங்காக ஓடும்வரை இது யாருக்கும் உறுத்தாது. அடி தாங்காமல் அந்தப் பெண் அம்மா வீட்டுக்கு வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது, கடன் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் நகை திரும்பும் என்று. "போட்டு வந்ததே பத்துப் பவுன்தான்" என்று அந்தப் பக்கம் சொன்னால், மறுக்கத் துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை.

கல்யாணத்தில் மட்டுமல்ல, தலைதீபாவளிக்கும் வளைகாப்புக்கும் பெண்ணுக்கென்று கொடுத்ததும் அவளுக்கு மட்டுமே சொந்தம். மாமியார் ஆசையாகப் போட்ட செயினும் அப்படியே. இப்படிப் பெண்ணுக்கென்று வந்ததைத்தான் ஸ்திரீதனம் என்கிறோம். அது கணவன் மனைவியின் பொதுச் சொத்து அல்ல; கஷ்டகாலத்தில் கணவன் எடுத்துப் பயன்படுத்தினாலும் நகையையோ மதிப்பையோ திருப்பித் தரும் கடமை உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் மறுபடி சொன்னது. 89 பவுன் பற்றிய அந்தக் கேரள வழக்கில் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது.

இவ்வளவு இருந்தும் வழக்கு தோற்பது ஆதாரத்தில். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-லேயே ஒரு விதி வந்தது: பெண்ணுக்கு வந்த பரிசுகளை எழுதிப் பட்டியல் போட வேண்டும். பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவுமுறை, கடைசியில் மணமக்கள் இருவர் கையெழுத்து. பட்டியல் பெண்ணிடம் இருக்க வேண்டும். மொய் நோட்டை அவ்வளவு கவனமாக எழுதும் நம் ஊரில் இதை மட்டும் கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள். வருத்தமாக இருக்கிறது.

பட்டியல் போடாமல் விட்டவர்கள் இப்போதாவது நகைக்கடை ரசீதைத் தேடி எடுங்கள். அப்பா பெயரில் இருந்தாலும் பரவாயில்லை. எடை, கல் எடை, புது நகையென்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு எல்லாம் தெரிய வேண்டும். நகை அடகுக்குப் போகும் அன்றே கடன் சீட்டைப் படம் எடுத்து அம்மா வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

பிரச்சினை வந்துவிட்டால், 2005 குடும்ப வன்முறைச் சட்டம் எந்த மதத்துப் பெண்ணுக்கும் பொருந்தும். ஸ்திரீதனத்தைப் பறிப்பதையும் அது பொருளாதார வன்முறை என்கிறது. பட்டுக்கோட்டையில் வாழப்போனவர் மன்னார்குடியில் தாய் வீட்டில் இருந்தால், மன்னார்குடி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே 12-ஆம் பிரிவில் மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தால் சம்பவ அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிவு என்பது சட்டம் சொல்லும் கணக்கு. நடப்பில் இழுக்கும். அதனால் மனுவோடு சேர்த்தே 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு கேளுங்கள்: நகையை விற்கவும் லாக்கரைத் திறக்கவும் தடை. அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நகையைத் திருப்பித் தரச் சொல்வது 19-ஆம் பிரிவு.

வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், எண் 15100. ஆபத்தென்றால் 181.

மனுவில் கோபத்தில் இருபது பவுனை அறுபது என்று எழுதாதீர்கள். கல்யாணப் படத்தில் இருபதுதான் தெரியும். அந்த ஒரு பொய்யால் பட்ட அடியைப் பற்றிச் சொன்ன உண்மைகூட நம்பப்படாமல் போகும்.

இன்னொன்று, ஊர்ப் பஞ்சாயத்தில் நீட்டும் பத்திரம். "சீர் சாமான், நகை எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி நடுவில் இருக்கும். நகையை உருப்படி உருப்படியாக எண்ணி, எடை போட்டுப் பார்த்து, கைக்கு வந்ததை மட்டும் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள், எந்தப் பெரியவர் கேட்டாலும்.