அன்செலோட்டி பயிற்சியாளராக வென்றது ஏழு அல்ல, ஐந்து

"கார்லோ அன்செலோட்டி பயிற்சியாளராக ஏழு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை வென்றவர்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. (சாம்பியன்ஸ் லீக் என்பது ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் போட்டி.) ஏழு என்ற எண் சரி, "பயிற்சியாளராக" என்பதுதான் தவறு.

அவற்றில் இரண்டு, இத்தாலியின் மிலான் அணியின் நடுக்கள வீரராக அவர் ஆடி வென்றவை. 1989இல் பார்சிலோனாவில் ஸ்டேவாவை 4-0, 1990இல் வியன்னாவில் பென்ஃபிகாவை 1-0 என மிலான் தோற்கடித்தது. அப்போது பயிற்சியாளர் அரிகோ சாக்கி. அந்த 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கிய ஆட்டத்தின் முதல் கோல் அன்செலோட்டியுடையது. தொலைவிலிருந்து அடித்த அந்த உதையை இன்றும் காணொளியில் பார்க்கலாம், தவறவிடாதீர்கள்.

பயிற்சியாளராக வென்றவை 2003, 2007 (மிலான்), 2014, 2022, 2024 (ரியல் மாட்ரிட்). இந்த ஐந்தே தனிச் சாதனைதான். வேறு எந்தப் பயிற்சியாளரும் அதைத் தொட்டதில்லை. 2005இல் இஸ்தான்புல்லில் 3-0 முன்னிலை பெற்றும் அவரது மிலான் அணி லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றது கணக்கில் வராது. ரியல் மாட்ரிட் 2016, 2017, 2018இல் வென்றவை ஜிடான் பயிற்சியாளராக இருந்த காலத்தவை. அன்செலோட்டி 2015 மே மாதமே நீக்கப்பட்டிருந்தார்.

சரிபார்க்க யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து சங்கங்களின் கூட்டமைப்பு) இணையதளத்தில் அந்தந்த ஆண்டின் இறுதி ஆட்டப் பக்கத்தைத் திறந்து, வீரர் பட்டியலையும் பயிற்சியாளர் பெயரையும் தனித்தனியே பாருங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.