தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள்

முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு வலித்தால் ஒரு வாரம் படுத்திருந்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது பதற வைக்கிறது. தாராவியில் எங்கள் சந்தில் மழைக்காலத்தில் வாசல் காய்வதே இல்லை. அடுத்த வீட்டுப் பாட்டி அங்கேதான் விழுந்தார். வலது கால் இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் மேல்முனை முறிந்ததற்கான அடையாளம் அது.

இடுப்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அதன் கீழுள்ள குறுகிய பகுதியான கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அவையும் அறுந்துபோகலாம். தலை பட்டினி கிடந்து சாகும். முதியவர்களுக்குச் செயற்கை மூட்டு வைப்பது இதனால்தான். சற்றுக் கீழே, தசைகள் பற்றும் முண்டுகளுக்கிடையே முறிந்தால் ரத்த ஓட்டம் தாராளம். உலோகக் கம்பியோ தகடோ பொருத்தினால் பெரும்பாலும் கூடிவிடும்.

இன்னொன்று, இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளைவிடும் நரம்புகள் பொதுவானவை. அதனால் கோளாறு இடுப்பில் இருக்க, வலி முழங்காலில் மட்டும் தெரியலாம். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் இடுப்புக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். விலகாத முறிவோடு சிலர் நடக்கவும் செய்வார்கள். நடக்கிறாரே என்று தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள்.