கடைக்கு ஒரு மணி நேரம், மலைக்குப் பத்து நிமிஷம்

தருமபுரியிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு நாள் வேன் டூர் போய் வந்தால் எரிச்சல்தான் மிச்சம். விடியக்காலையில் கிளம்பி, தொப்பூர் கணவாய் தாண்டி, சேலம் போய், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுகிறோம். பின் சீட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தி. சரி, மலைப்பாதை அப்படித்தான். ஆனால் மேலே போனதும் முதலில் இறக்கிவிடுவது சாக்லேட் கடையில்! அப்புறம் தைலக் கடை, அப்புறம் மிளகு, காப்பித்தூள். அங்கெல்லாம் கைடுக்கு அவசரமே கிடையாது. கமிஷன் அப்படி.

சேர்வராயன் கோயிலுக்கு வந்ததும்தான் அவருக்குக் கடிகாரம் ஞாபகம் வருகிறது. 5,300 அடி உயரத்தில் குகைக்குள் இருக்கிற கோயில் அது. குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடும் சாமி. மே மாதம் திருவிழா நடக்கும். இதில் ஒரு வரியாவது கைடு சொன்னாரா? இல்லை. முட்டிவலியோடு வயசானவர்கள் மெதுவாக நகரும்போதே வெளியே ஹார்ன். "சீக்கிரம் வாங்க, இன்னும் மூணு பாயிண்ட் பாக்கி!" பகோடா பாயிண்டிலும் இதே விரட்டல்.

காசு வாங்கும்போதே எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுங்கள். கடையெல்லாம் கடைசியில் வரட்டும். வேண்டியவர்கள் இறங்கி வாங்கிக்கொள்வார்கள்.