சர்வர் எங்கே என்பது கேள்வியே அல்ல
இணையத்தில் பதிப்புரிமை மீறப்பட்டால், சர்வர் (இணையதளத்தைத் தாங்கும் கணினி) இருக்கும் நாட்டின் சட்டமே செல்லும் என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பது தவறு, ஐயா. நான் ரீயூனியன் தீவில், சேந்த் ஆந்த்ரேயில் வசிக்கிறேன். எங்கள் கோவில் தீமிதியில் நான் எடுத்த படங்களை ஜெர்மனியில் ஓர் இணையக் கடை கேட்காமலே அச்சிட்டு விற்றது. எங்கள் தீவு பிரான்ஸின் பகுதி. அதனால் எங்களுக்கும் பொருந்தும் ரோம் 2 விதிகளின் (எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லும் ஐரோப்பிய ஒன்றிய விதிகள்) 8ஆம் பிரிவுப்படி, எந்த நாட்டுக்கான பாதுகாப்பைக் கோருகிறோமோ அந்த நாட்டுச் சட்டம்தான் செல்லும். இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டாலும் மாற்ற முடியாது. உண்மையான வலி நீதிமன்றத்தில். இணைய விற்பனை பற்றிய பதிப்புரிமை வழக்கான பிங்க்னி வழக்கில் (2013) ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னபடி, இங்கே வழக்குப் போட்டால் பிரான்ஸில் நேர்ந்த நட்டத்துக்கு மட்டுமே ஈடு கிடைக்கும். முழு நட்டத்துக்கும் ஈடு கேட்க, கடை இருக்கும் ஜெர்மனிக்குத்தான் போக வேண்டும். அவ்வளவு தூரம் போக எனக்கு வசதியில்லை. கட்டுரையைத் திருத்துங்கள், இதை நம்பி யாரும் உரிமையைக் கைவிட்டுவிடக் கூடாது.