தொப்பிக்கு ஒரு பேபி லைட்

போன மாதம் கோபியில் ஒரு கல்யாணம். முதல் நாளே போய்விட்டேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடமில்லை, தள்ளி ஒரு காலி இடத்தில் நிறுத்திவிட்டு மத்தியானம் மூன்று மணி வெயிலில் நடந்து வந்தேன். எப்போதும்போல் தொப்பியோடுதான். சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி, சுற்றிக் கறுப்புப் பட்டை, மூன்று விரல் அகலத்துக்கு விளிம்பு. வாசலிலேயே மாமா ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாப்ள, எங்கயாச்சும் சூட்டிங்கா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி அதே மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு உருமாலை கட்டினார்கள். தலையில் துணி ஏற்றுவதைத் தனிச் சீராகவே வைத்திருக்கிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில் தொப்பி வைத்தவனைப் பார்த்தால் வேஷம் கட்டியவன் மாதிரி தெரிகிறது என்பதுதான் என் ஆதங்கம். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்புச்சியிடமிருந்து வந்தது. அம்மாவின் அப்பா. மில் வேலைக்குப் போவதற்கு முன்னால், 1950களில் கொஞ்ச காலம் கோவையில் ஒரு ஸ்டுடியோவில் லைட் தூக்கினார். இப்போது சொன்னால் சின்னப் பையன்கள் நம்பமாட்டார்கள், கோயம்புத்தூரில் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படம், 1947ல் வந்த ராஜகுமாரி, இங்கே சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்ததுதான். 1954ல் வந்த மலைக்கள்ளன் இங்கேயே இருந்த பட்சிராஜா ஸ்டுடியோவின் படம். அந்தப் பக்கம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், அதை நடத்திய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். ஏற்காடு ரோட்டில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குக் கண் அங்கேதான் போகும்.

அப்புச்சி படக்கதை எதுவும் சொல்லமாட்டார். யார் நடித்தார், யார் யாரோடு சண்டை, அதெல்லாம் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். லைட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தமாட்டார். "தொப்பி போட்ட ஆளு வந்தா எங்களுக்கு வேலை ரெண்டு மடங்கு கண்ணு" என்பார். லைட் எல்லாம் மேலே கட்டிய பலகையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருக்கும். விளிம்பு வைத்த தொப்பி வந்ததும் நெற்றி, கண், மூக்குத்தண்டு எல்லாம் இருட்டுக்குள் போய்விடும், வாயும் தாடையும் மட்டும் வெளியே தெரியும். அதனால் கேமராவுக்குப் பக்கத்திலேயே, நடிகரின் கண் உயரத்துக்கு, சின்னதாக ஒரு பேபி லைட்டைக் கொண்டுவந்து வைப்பார்களாம். அதற்கு முன்னால் மெல்லிய துணி கட்டி, வெளிச்சம் கண்ணுக்கு மட்டும் போய்ச் சேருகிற அளவுக்கு அதைக் குறைப்பார்கள். கூடினால் விளிம்பின் நிழலே அழிந்துபோகும், அப்புறம் தொப்பி எதற்கு? குறைந்தால் கண் செத்துப்போகும். இதைச் சொல்லும்போது அப்புச்சி உள்ளங்கையைத் தன் நெற்றிக்கு மேல் விளிம்பு மாதிரி வைத்துக்கொண்டு, வாசல் விளக்குக்கு நேராக முகத்தை மெதுவாக ஏற்றி இறக்கிக் காட்டுவார். கண் மறையும், வரும், மறுபடி மறையும். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அன்றிலிருந்து படத்தில் தொப்பியைப் பார்த்தால் முதலில் நிழல் எங்கே விழுகிறது என்றுதான் பார்க்கிறேன்.

பழைய படங்களில் தொப்பிக்கு அவ்வளவு மயக்கம் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. அது உடையே இல்லை, முகத்துக்கு வைத்த கதவு. குனிந்தால் சாத்திக்கொள்ளும், நிமிர்ந்தால் திறக்கும். 1942ல் வந்த காசாபிளாங்கா என்கிற ஹாலிவுட் படத்தின் கடைசியில் விமான நிலையக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹம்ஃப்ரி போகார்ட் தலையிலும் தொப்பி, இங்கிரிட் பெர்க்மன் தலையிலும் தொப்பி. ரெண்டு பேரும் பிரியப்போகிறார்கள். அந்த அம்மாவின் முகத்தில் விளிம்பு நிழல் விழுந்திருக்கும், அதற்குக் கீழே கண் மட்டும் ஈரமாக மின்னும். தொப்பியைக் கழற்றிவிட்டு அதே காட்சியை எடுத்திருந்தால் அழுகிற ஒரு பெண்ணைப் பார்த்திருப்போம், அவ்வளவுதான். இப்போது பார்ப்பது அழுகையை மறைத்துக்கொள்ள இடம் தேடுகிற ஒரு பெண்ணை. அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒரு லைட்மேன் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன், அப்புச்சி மாதிரி ஒருத்தர்.

நம் படங்களில் தொப்பிக்கு அந்த யோகம் அமையவில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்தில் தொப்பி யார் தலைக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள். எஸ்டேட் முதலாளி, வெளிநாட்டிலிருந்து திரும்பிய மைனர், சி.ஐ.டி., அப்புறம் வில்லனுக்குப் பின்னால் நிற்கிற ஆட்கள். கதாநாயகனுக்கு ஏன் கொடுக்கவில்லை? அவருடைய முடிதான் காரணம். நம் ரசிகர்களுக்கு அந்தச் சுருளும் நெற்றியில் விழுகிற கற்றையும் வேண்டும், அதை மூடினால் காசு கொடுத்து வந்தவன் விடமாட்டான். ஜெய்சங்கர் ஒருத்தர்தான் இதை உடைத்தார் என்பேன். 1972ல் கர்ணன் இயக்கத்தில் வந்த கங்காவில் கௌபாய் தொப்பியோடு வந்தார், நம் ஊர் ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டு விசிலடித்துப் பார்த்தார்கள். குதிரையும் துப்பாக்கியும் நமக்குப் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லையே, தொப்பி பொருந்தும்போது எல்லாம் பொருந்தியது.

எம்.ஜி.ஆரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அவருடைய வெள்ளைத் தொப்பிக்கு விளிம்பு கிடையாது, நிழலும் விழாது. அது முகத்தை மறைக்க வந்த தொப்பி இல்லை, முகத்தோடு முகமாகச் சேர்ந்துவிட்ட தொப்பி. சுவரில் ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வரைந்து வைத்தால் போதும், மூக்கும் வாயும் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட யார் என்று சொல்லிவிடும். 1987 டிசம்பரில் மெரினாவில் அடக்கம் செய்தபோதும் தொப்பியும் கண்ணாடியும் அவரோடு இருந்தன. ஒரு மனிதன் தன் தலையில் வைத்ததை அவ்வளவு பேர் தங்கள் மனதில் வைத்துக்கொண்டது வேறு எங்கே நடந்திருக்கிறது? இயக்குநர் பாலு மகேந்திராவையும் சொல்ல வேண்டும். தொப்பி இல்லாத பாலு மகேந்திரா போட்டோ ஒன்றைப் பார்த்தால் யாரோ என்று கடந்துபோய்விடுவோம்.

சரி, தொப்பிக்கு வருகிறேன். என்னுடையது மாதிரி விளிம்பு வைத்த ஃபெல்ட் தொப்பியை ஃபெடோரா என்கிறோமே, அந்தப் பெயர் 1882ல் பாரிஸில் போட்ட ஒரு நாடகத்திலிருந்து வந்தது. நாடகத்தின் பெயரும் அதுதான், கதாநாயகியின் பெயரும் அதுதான், நடித்தவர் சாரா பெர்ன்ஹார்ட். அதாவது இன்றைக்கு ஆம்பளைத் தொப்பி என்று நாம் நினைப்பதற்கு ஒரு பெண் வேஷத்தின் பெயர். என் மகள் என் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இது" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். சார்லி சாப்ளின் தலையில் இருந்ததே உருண்டைத் தொப்பி, அதை 1849ல் ஒரு பண்ணையின் காவலாட்களுக்காக லண்டனில் செய்யச் சொன்னார்கள், குதிரையில் போகும்போது மரக்கிளை தட்டி விழக்கூடாது என்று. வேலைக்காரன் தலையில் ஏறி, அப்புறம் ஆபீஸ்காரன் தலைக்குப் போய், கடைசியில் சினிமாவில் நாடோடி தலையில் வந்து உட்கார்ந்தது. பனாமா தொப்பியோ பனாமாவிலேயே செய்வதில்லை, ஈக்வடாரில் ஒரு வகை ஓலையைக் கிழித்துப் பின்னுகிறார்கள். நம் பனையோலைக்காரருக்கு அதைக் காட்டினால் ரெண்டு நிமிஷத்தில் பின்னலைப் பிடித்துவிடுவார்.

நல்ல ஃபெல்ட் என்பது முயல் முடி. நெய்வது கிடையாது, தைப்பதும் கிடையாது. முடியைப் பெரிய கூம்பு மாதிரி படியவிட்டு வெந்நீரிலும் அழுத்தத்திலும் சுருக்கிச் சுருக்கித் தலை அளவுக்குக் கொண்டுவருவார்கள். அந்த முடி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ள ஒரு காலத்தில் பாதரச உப்பைப் பூசினார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் புத்திப் பிசகும் வந்தது. அமெரிக்காவில் அதை நிறுத்தவே 1941 ஆகிவிட்டது. சாயப்பட்டறைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழகான பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது அந்தத் தலைகளுக்குப் பின்னால் அந்தக் கைகளும் இருந்தன என்பதை நான் மறப்பதில்லை.

வெள்ளைக்காரன் இங்கே வந்து போட்ட சோலா தொப்பி மட்டும் நம் மண்ணில் விளைந்தது. நெட்டி தெரியுமா, தஞ்சாவூரில் கோயில் பொம்மையெல்லாம் செதுக்குவார்களே, குளத்தில் வளருகிற செடியின் உள்தண்டு, பஞ்சு மாதிரி எடையே இருக்காது, அந்த இனத்தில்தான் செய்தார்கள். தலைக்கும் தொப்பிக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டிருப்பார்கள். நம் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது துரை தலையில் இருந்ததால் துரையோடு போய்விட்டது. துரை மேல் இருந்த அந்தக் கோபம் நியாயமானது. அதற்காக வெயிலும் துரையோடு போய்விடவில்லையே.

"நம்ம பழக்கம் இல்லீங்க" என்று சொல்கிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு. காட்டு வேலைக்குப் போகிறவர் துண்டை உருமாலாகக் கட்டுகிறார். மழை வந்தால் உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடு ஓட்டுகிறார், அதைவிட நல்ல மழைத்தொப்பியை யார் செய்தார்கள்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறோம், நட்டப்பட்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான் என்கிறோம். பெரியவர் எதிரே வந்தால் தலைத்துண்டு தானாக அவிழ்ந்து கக்கத்துக்குப் போகும். (அந்த வழக்கத்தைச் சாதி பார்த்துக் கட்டாயப்படுத்திய கொடுமையும் இதே ஊரில்தான் நடந்தது, அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தலையில் எதையும் வைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.) ஆக, தலையில் இருப்பது பேசும் என்பது நமக்குத் தெரியாத விஷயமே இல்லை. பழைய படத்தில் ஒருவன் தொப்பியை இரண்டு விரலால் லேசாகத் தூக்கி வைத்தால் நமக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தராமலே புரிந்தது அதனால்தான்.

என் தொப்பி ஒரு தடவை செத்துப் பிழைத்தது. போன சித்திரையில் பெருந்துறையில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு நாலு மணி நேரம் கழித்து வந்தேன். விளிம்பு அலை அலையாக நெளிந்து, உச்சி ஒரு பக்கம் சுருங்கிப்போயிருந்தது. அன்றைக்கு ராத்திரி இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதிக்கவைத்து, மூடியைத் திறந்து, வருகிற ஆவியில் தொப்பியைக் காட்டினேன். அரை நிமிஷத்தில் ஃபெல்ட் ஈரத்துணி மாதிரி இளகிவிடும். உடனே எடுத்துக் கையால் நடுப்பள்ளத்தை அழுத்தி, முன்னால் ரெண்டு பக்கமும் கிள்ளல் விட்டு, விளிம்பை மேஜையின் ஓரத்தில் வைத்து விரலால் இழுத்து இழுத்துச் சரி செய்ய வேண்டும். ஆறினால் அப்படியே நிற்கும். முடிகிற வரைக்கும் சமையற்கட்டெல்லாம் நனைந்த கம்பளி வாசம். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "உங்கப்புச்சி சட்டைக் காலரை இப்படித்தான் ஆவியில காட்டுவாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். காதுக்கு மேலே நெற்றியைச் சுற்றி டேப் வைத்து சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், சும்மா மீடியம் லார்ஜ் என்று வாங்காதீர்கள். கழற்றும்போது முன்கிள்ளலைப் பிடித்துத் தூக்காதீர்கள், படத்தில் அப்படித்தான் செய்வார்கள், ஆனால் அந்த இடம் சீக்கிரம் விரிசல் விடும். வீட்டில் வைக்கும்போது கவிழ்த்து, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள், விளிம்பு படியாது.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். உள்ளே நெற்றி படுகிற தோல் பட்டை வியர்வையில் இறுகி வெடித்துவிட்டது. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் வைத்து அதைக் கையால் தைத்துத் தருகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மிஷினில் தைக்க வேண்டாம், பழைய ஊசித் துளையிலேயே தையல் போக வேண்டும். அப்புறம், உங்கள் வீட்டுப் பழைய படங்களில் தாத்தாவோ மாமாவோ தொப்பியோடு நின்றிருந்தால் கீழே போடுங்கள். எந்த வருஷம், எங்கே எடுத்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த மாதம் காங்கேயத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, அதற்குள் பட்டை மாற்றியாக வேண்டும்.